தாகம் எடுக்காத மலையில் சிறுநீரகக் கல்

சிறுநீரகக் கல் வெயில் ஊர்களின் நோய் என்று பொதுவாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. வியர்வையில் நீர் போனால் சிறுநீர் குறைகிறது. குறைந்த சிறுநீரில் உப்புகள் செறிகின்றன. செறிவு ஓர் எல்லையைத் தாண்டினால் படிகம் உண்டாகிறது. இத்தாலியில் ஒரு கண்ணாடி ஆலைத் தொழிலாளர்களிடம் நடத்தி 1993இல் வெளியிட்ட ஆய்வில், உலைச் சூட்டில் நின்று வேலை செய்தவர்களில் 8.5 விழுக்காட்டினருக்குக் கல் இருந்தது. அதே ஆலையில் சூடு படாத இடங்களில் வேலை செய்தவர்களிடம் அது 2.4 விழுக்காடுதான். இந்தக் கணக்கைப் பார்த்தால், மூவாயிரம் அடி உயரத்தில், கேரளத்தில் மழை மிகுதியாகப் பெய்யும் இடங்களுள் ஒன்றான பீர்மேட்டில் வாழ்பவர்கள் கல்லைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை என்று தோன்றும். அப்படித் தோன்றுவதுதான் ஆபத்து. சிறுநீரின் அளவு குறைவதே கல்லுக்கு அடிப்படை. அந்தக் குறைவுக்கு வெயில் ஒரு காரணம், அவ்வளவுதான். குளிர்மலையில் வேறு காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் முக்கியமானது வேலை நடக்கும் விதத்தில் ஒளிந்திருக்கிறது.

முதலில் உடம்பைப் பார்ப்போம். குளிர் பட்டதும் தோலை ஒட்டிய ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்தம் உடலின் நடுப்பகுதிக்குத் திரும்புகிறது. உடம்பில் நீர் போதுமான அளவு இருப்பதாக மூளை எடுத்துக்கொள்கிறது. அதனால் உண்மையில் நீர் குறைந்திருந்தாலும் நாக்கு வறள்வதில்லை, தாகம் எடுப்பதில்லை. உழைப்போ குறைவதில்லை. ஏலப்பாறை, வண்டிப்பெரியாறு பக்கத்துத் தேயிலைக் காடுகளில் கொழுந்தெடுக்கும் பெண்கள் மழைக்காகப் பிளாஸ்டிக் விரிப்பைச் சுற்றிக்கொண்டு சரிவில் ஏறி இறங்குகிறார்கள். நிறைந்த சாக்கைச் சுமந்து எடை போடும் இடத்துக்கு நடக்கிறார்கள். பிளாஸ்டிக்குக்கு உள்ளே நன்றாகவே வியர்க்கிறது. வெளியே குளிராக இருப்பதால் அது வியர்வையாகத் தெரிவதில்லை. கம்பம், கூடலூர்ப் பக்கத்திலிருந்து குமுளி வழியாக ஏலக்காட்டு வேலைக்கு ஜீப்பில் வந்துபோகும் பெண்களுக்கு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. நெருக்கியடித்து உட்கார்ந்து போகும் வண்டியில் நடுவழியில் இறங்கக் கேட்பது எளிதல்ல. கிளம்பும் முன்பே தண்ணீரைத் தவிர்த்துவிடுவது அவர்களுக்கு ஒரு பாதுகாப்பாகத் தெரிகிறது. பள்ளத்தாக்கில் வெயில், மலையில் தாகமின்மை, இடையில் ஜீப் என்று மூன்றும் சேர்ந்து ஒரே உடம்பில் சிறுநீரைக் குறைக்கின்றன.

கல் எப்படி உண்டாகிறது என்பது எளிதாகப் புரியக்கூடியதுதான். ஒரு தம்ளர் தண்ணீரில் உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்துக்குமேல் கரையாமல் அடியில் நிற்கும். தண்ணீரைக் கூட்டினால் மறுபடியும் கரையும். சிறுநீரகத்தில் நடப்பதும் இதை ஒட்டியதே. கற்களில் ஐந்தில் நான்கு பங்கு கால்சியம் கலந்தவை. அவற்றிலும் பெரும்பான்மை கால்சியம் ஆக்சலேட். மிச்சம் யூரிக் அமிலக் கற்கள், சிறுநீர்த் தொற்றால் வருபவை, பரம்பரையாக வரும் அரிதான சில வகைகள். வகை எதுவானாலும் சிறுநீர் பெருகினால் செறிவு குறையும். இதை ஊகமாக விட்டுவிடாமல் சோதித்துப் பார்த்தவர் இத்தாலியின் பார்மா நகர மருத்துவர் லோரிஸ் போர்கி. முதல்முறை கல் வந்த 199 பேரை அவருடைய குழு இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவினரிடம், நாளொன்றுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். மற்றவர்களிடம் எதுவும் சொல்லவில்லை. உணவில் எந்த மாற்றமும் இல்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, தண்ணீர் குடித்தவர்களில் 12 விழுக்காட்டினருக்கு மறுபடியும் கல் வந்தது. மற்றவர்களில் 27 விழுக்காட்டினருக்கு வந்தது. 1996இல் வெளியான இந்த முடிவுதான் இன்றும் மருத்துவர்கள் தரும் அறிவுரைக்கு அடித்தளம். மாத்திரை இல்லை, பத்தியம் இல்லை, தண்ணீர் மட்டும். அதற்கே பாதிக்குமேல் குறைந்தது.

இவ்வளவு தெளிவாக இருந்தும், கல் வந்த வீட்டில் முதலில் பேசப்படுவது தண்ணீரைப் பற்றி அல்ல. எதைச் சாப்பிடக்கூடாது என்ற பட்டியல்தான் வருகிறது. அந்தப் பட்டியலில் முதலில் நிற்பது பால். கல்லில் கால்சியம் இருக்கிறது, பாலிலும் கால்சியம் இருக்கிறது, ஆகவே பாலை நிறுத்து என்பது கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. மருத்துவர்களும் நெடுங்காலம் அப்படித்தான் சொன்னார்கள். போர்கி இதையும் சோதித்தார். அடிக்கடி கல் வந்த 120 ஆண்களில் பாதிப்பேருக்குக் கால்சியம் குறைந்த உணவு. மற்றப் பாதிப்பேருக்குக் கால்சியம் வழக்கமான அளவு, உப்பும் இறைச்சியும் மட்டும் குறைவு. ஐந்து ஆண்டுகளில் முதல் பிரிவின் 60 பேரில் 23 பேருக்கு மீண்டும் கல். இரண்டாம் பிரிவின் 60 பேரில் 12 பேருக்குத்தான். 2002இல் இந்த முடிவு வெளிவந்தது. விளக்கம் குடலில் இருக்கிறது. சாப்பாட்டோடு வரும் கால்சியம் அங்கேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடுகிறது. கால்சியத்தை நிறுத்தினால் தடையில்லாத ஆக்சலேட் ரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்துக்குப் போகிறது. நீலகிரியின் குன்னூரில், பின்னாளில் ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்த ஆய்வுக்கூடத்தை நடத்திய ராபர்ட் மக்கேரிசன், 1931இலேயே இந்தியாவில் கல் உண்டாவதைப் பற்றி விரிவாக எழுதினார். சத்துக் குறைந்த தானிய உணவு மட்டும் கிடைத்த எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கல் வந்தது. அதே உணவோடு பால் சேர்த்தபோது தடைப்பட்டது. சிறுநீர்ப்பைக் கல் வேறு, சிறுநீரகக் கல் வேறு என்பதை மறந்துவிடக்கூடாது. ஆனாலும் பாலைக் குற்றவாளியாக்க அன்றைக்கும் ஆதாரம் இல்லை என்பதைக் கவனிக்கலாம். சாப்பாட்டோடு ஒரு கிண்ணம் தயிரோ மோரோ நல்லது. கால்சியம் மாத்திரை விஷயம் வேறு. எலும்புத் தேய்மானத்துக்காக அதை எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தாமல், கல் இருப்பதை மருத்துவரிடம் சொல்லி, எந்த நேரத்தில் எடுப்பது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

தேயிலை மண்ணில் அடுத்த கேள்வி தேநீர். தேநீரில் ஆக்சலேட் உண்டு, அது உண்மை. 2014இல் அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் 56 வயதுக்காரர் ஒருவர் சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனைக்கு வந்தார். அவர் நாள்தோறும் பதினாறு குவளை ஐஸ் டீ குடித்துவந்தவர். கிட்டத்தட்ட நான்கு லிட்டர். இந்தச் செய்தியைக் கேட்டவர்கள் தேநீரையே பயந்தார்கள். ஆனால் அமெரிக்காவில் பல்லாயிரக்கணக்கான செவிலியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1998இல் வெளியிட்ட ஆய்வு, தேநீர் குடிக்கும் பெண்களுக்குக் கல் வருவது சற்றுக் குறைவு என்றே காட்டியது. தேநீரிலும் பெரும்பகுதி தண்ணீர்தானே. ஆகவே நாளைக்கு மூன்று நான்கு முறை குடிக்கும் சாயாவை யாரும் விட வேண்டாம். பால் சேர்த்தால் அதன் கால்சியம் ஆக்சலேட்டில் ஒரு பகுதியைக் கட்டிவிடும். கவலை வேறு இடத்தில் இருக்கிறது. குளிரில் வெறும் தண்ணீர் இறங்காது என்று பகல் முழுவதும் பாலில்லாமல் சர்க்கரை போட்ட கட்டன் சாயாவை மட்டுமே குடித்து வாழ்வது நல்லதல்ல. அதற்கு மாற்று இந்த மண்ணிலேயே இருக்கிறது. கேரள வீடுகளில் சீரகமோ சுக்கோ போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீர் எப்போதும் அடுப்பில் இருக்கும். குளிர்மலைக்கு அதைவிடப் பொருத்தமான பானம் இல்லை. கோலா வகைப் பானங்கள் மட்டும் வேண்டாம்; சர்க்கரை கலந்த கோலா கல்லை அதிகப்படுத்துவதாக 2013இல் வெளியான பெரிய ஆய்வொன்று கண்டது.

உணவில் உண்மையிலேயே குறைக்க வேண்டியது ஒன்று உண்டென்றால் அது உப்பு. சிறுநீரகம் சோடியத்தை வெளியேற்றும்போது கால்சியத்தையும் சேர்த்தே வெளியே விடுகிறது. கூடுதலாக ஏறக்குறைய ஆறு கிராம் உப்பு தின்றால், சிறுநீரில் சுமார் 40 மில்லிகிராம் கால்சியம் கூடுகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லையோ ஒரு நாளுக்கு ஐந்து கிராமுக்கும் குறைவு. கஞ்சிக்கு ஊறுகாய், சோற்றுக்குக் கருவாடு, மாலையில் மிக்சர் என்று போகும் நாளில் இந்த எல்லை எப்போது தாண்டியது என்றே தெரியாது. இறைச்சி மிகுந்தால் யூரிக் அமிலம் கூடும். கல்லைத் தடுக்கும் சிட்ரேட் குறையும். ஆனால் இதைத் தோட்டத் தொழிலாளியிடம் அப்படியே ஒப்பிப்பது நியாயமல்ல. வாரத்துக்கு ஒருநாள் கறி வாங்கும் வீட்டில் புரதம் மிகையாக இல்லை, குறைவாகத்தான் இருக்கிறது. அவர்கள் முட்டையையும் பருப்பையும் பயந்து நிறுத்தினால் இழப்புத்தான். நாள்தோறும் இறைச்சி சாப்பிடுபவர்களுக்கான எச்சரிக்கை அது.

தக்காளி விதை கல்லாகிவிடும் என்ற பேச்சை விட்டுவிடலாம். விதை குடல் வழியாகப் போகிறது. சிறுநீரகத்துக்கு அதற்கு வழியே இல்லை. தக்காளியில் ஆக்சலேட்டும் மிகக் குறைவு. பாலக் கீரை, தண்டுக்கீரை, சேம்பு இலை போன்றவற்றில் அது அதிகம். கல் வந்தவர்கள் இவற்றை வேகவைத்த நீரை வடித்துவிட்டு, தயிர் சோற்றோடு அளவாகச் சாப்பிடலாம். ஆனால் கேரளத்தில் ஆக்சலேட்டுக்காகப் பயப்பட வேண்டிய பொருள் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை: வீட்டுக் கொல்லையில் காய்க்கும் இரும்பன் புளி. மீன்குழம்பில் நாலைந்து காய் போடுவதில் கெடுதல் இல்லை. கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பி அதைச் சாறாகப் பிழிந்து வெறும் வயிற்றில் குடித்தவர்கள் கேரளத்தின் பல மருத்துவமனைகளில் சிறுநீரகச் செயலிழப்போடு வந்து சேர்ந்தார்கள். அப்படிப் பத்து பேரின் நிலையை 2013இல் இந்திய சிறுநீரக மருத்துவ இதழில் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. இயற்கையானது என்பதால் மட்டும் ஒன்று தீங்கில்லாதது ஆகிவிடாது.

இதே காரணத்தால்தான் நாட்டு மருந்துகளைப் பற்றி அளந்து பேச வேண்டியிருக்கிறது. வாழைத்தண்டுச் சாறு, மலையாள நாட்டில் கல்லுருக்கி என்று அழைக்கப்படும் மூலிகை, தமிழ்நாட்டின் சிறுபீளை, நெருஞ்சில் எல்லாவற்றுக்கும் நீண்ட வழக்கு உண்டு. வாழைத்தண்டைப் பற்றி எலிகளில் செய்த ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. மனிதர்களிடம் போர்கி செய்ததுபோல் ஐந்தாண்டுச் சோதனை எதுவும் அதற்கு இல்லை. பொரியலாகச் சாப்பிடுங்கள், நல்ல உணவுதான். தண்ணீருக்குப் பதிலாக அதை நம்பாதீர்கள். எலுமிச்சைக்குத்தான் கூடுதல் நியாயம் இருக்கிறது. அதன் சிட்ரேட் சிறுநீரில் கால்சியத்தைக் கட்டி வைக்கிறது. உப்பில்லாமல், சர்க்கரை குறைத்துக் குடிக்கும் எலுமிச்சை நீர் நல்லது. பீர் கல்லைக் கரைக்கும் என்று ஆண்களிடம் உலவும் பேச்சுக்கு ஆதாரம் இல்லை. அது யூரிக் அமிலத்தைக் கூட்டுகிறது. முதலில் சிறுநீரைப் பெருக்கிப் பிறகு உடம்பை வறளவிடுகிறது.

‘எங்கள் அப்பாவுக்கும் கல், எனக்கும் கல். பரம்பரைக்குத் தண்ணீர் என்ன செய்யும்?’ என்று சிலர் கேட்பார்கள். பரம்பரைக்குப் பங்கு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் பரம்பரையால் வருவது கல்லை நோக்கிய சாய்வுதான். அந்தச் சாய்வு உள்ளவர்களுக்கே தண்ணீரின் பயன் அதிகம். ஏற்கெனவே கல் வந்தவர்களை வைத்துத்தானே பார்மாவின் சோதனை நடந்தது. இன்னொரு மறுப்பு, ஓடைத் தண்ணீரில் உள்ள உப்புதான் கல்லாகிறது என்பது. மழை மிகுந்த மலைப்பாறைகளின் ஓடைநீரில் பொதுவாகக் கரைந்த உப்பு குறைவு. தண்ணீர் சற்றுக் கடினமாக இருந்தாலும், அதைக் குடிக்காமல் இருப்பதால் வரும் தீங்கே பெரிது. ஓடைநீரைப் பற்றி உண்மையாகப் பயப்பட வேண்டியது கிருமியை. ஆகவே கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டும். இதய பலவீனம் உள்ளவர்கள், சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக்கூடாது. வலியோடு காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ, கைமருந்து பார்த்துக்கொண்டு ஒருநாள்கூடக் காத்திருக்கக் கூடாது. பெரிய சிகிச்சைக்குக் கோட்டயத்துக்கோ தேனிக்கோ மலையிறங்க வேண்டிய ஊரில், தாமதம் இன்னும் ஆபத்தானது.

கல் வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போக வேண்டும் என்பதே இப்போதைய அறிவுரை. அதற்குக் குளிரில்கூட மூன்று லிட்டர் அளவுக்குத் திரவம் உள்ளே போக வேண்டும். கஞ்சித்தண்ணீர், மோர், சாயா எல்லாம் கணக்கில் சேரும். தாகத்தை நம்ப முடியாத ஊரில் நிறத்தை நம்பலாம்: சிறுநீர் வெளிறிய மஞ்சளாக இருந்தால் போதும், கட்டன் சாயா நிறத்துக்குப் போனால் குடித்தது போதவில்லை. ஒரேயடியாகக் குடிப்பதால் பயனில்லை. எழுந்ததும், பத்து மணிக்கு, சாப்பாட்டோடு, பிற்பகலில், படுக்கும் முன் என்று பரவலாகக் குடிக்க வேண்டும். இரவில்தான் சிறுநீர் மிகவும் செறிகிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டுக் கட்டுரையை நிறுத்தினால், அது பாதி உண்மைதான். கொழுந்தெடுக்கும் பெண்ணுக்குத் தண்ணீரின் அருமை தெரியாமல் இல்லை. குடித்தால் எங்கே போவது என்பதுதான் அவருடைய கேள்வி. காட்டில் கழிப்பறை இல்லை. மேற்பார்வைக்கு ஆண் நிற்கிறார். புதருக்குள் அட்டை, பாம்பு. எடை குறைந்தால் கூலியில் தெரியும். எனவே அவர் குடிப்பதைக் குறைக்கிறார், வந்ததையும் அடக்குகிறார். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெப்பமான பணியிடங்களில் உழைக்கும் பெண்களைப் பற்றி 2016இல் வெளியிட்ட ஆய்வும் கழிப்பறையின்மைக்கும் பெண்களின் சிறுநீர்த் தொல்லைகளுக்கும் உள்ள தொடர்பையே எடுத்துக்காட்டியது. அடக்குவது பழக்கமானால் தொற்று வருகிறது. சிலவகைத் தொற்றுகள் தாமே கல்லையும் கொண்டுவருகின்றன. சட்டத்தில் குறையில்லை. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், வசதியான இடங்களில் போதுமான நல்ல குடிநீரும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறையும் தருவது முதலாளியின் கடமை என்றது. அந்தச் சட்டத்தைத் தனக்குள் எடுத்துக்கொண்ட 2020ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்புத் தொகுப்பிலும் அந்தக் கடமைகள் இருக்கின்றன. எழுபது ஆண்டுகளுக்குமுன் எழுதிய கடமை இன்னும் சரிவுகளுக்கு ஏறவில்லை என்பது வெட்கக்கேடு.

சரிவில் கழிப்பறை கட்ட முடியாது, தேயிலைக்கு விலை இல்லாத காலத்தில் செலவு தாங்காது என்று தோட்டங்களின் தரப்பில் சொல்லப்படும். 2000த்தை ஒட்டிய ஆண்டுகளில் விலை வீழ்ந்து பீர்மேட்டில் தோட்டங்கள் மூடிக்கிடந்த துயரத்தை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கேட்பது மாளிகை அல்ல. கொழுந்தெடுப்பு எந்தப் பகுதியில் நடக்கிறதோ அங்கே நகர்த்தி வைக்கக்கூடிய மறைப்பும் கழிகலமும், எடை போடும் இடத்தில் ஒரு நிலையான கழிப்பறை, ஒரு கேன் வெந்நீர். ஒரு தொழிலாளி கல் வலியில் நாள்கணக்கில் படுத்தால் இழப்பது கூலி மட்டுமல்ல, தோட்டத்தின் கொழுந்தும்தான். போராடினால் கிடைக்காததும் அல்ல. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள், விஜியின் ‘பெண்கூட்டு’ அமைப்பின்கீழ் கழிப்பறை கேட்டுத்தான் முதலில் திரண்டார்கள்; அந்தக் குரல் வளர்ந்து, கடைப் பெண்கள் வேலை நேரத்தில் உட்காரும் உரிமையை 2018இல் கேரளம் சட்டமாக்கியது; 2021இல் தமிழ்நாடும் பின்தொடர்ந்தது. 2019இல் கேரளப் பள்ளிகள் சில, பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்கத் தொடங்கின. பள்ளியில் மணி அடிக்க முடிந்தால், வேலைக்குக் கூப்பிட ஊதும் சங்கைத் தண்ணீர் குடிக்கவும் ஊதலாம். தொழிற்சங்கத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தோட்டத் தொழிலாளர் கமிட்டியின் அடுத்த கூலிப் பேச்சுக்குப் போகும்போது, கூலி உயர்வுக்கும் போனஸுக்கும் அடுத்த வரியில் காட்டுக் கழிப்பறையையும் வெந்நீரையும் எழுதுங்கள், அவற்றைப் பேசி முடிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.